எருமையை இயந்திரமாக்கியவர்



இந்த மேடையில் சங்க இலக்கியம் பேசியிருக்கிறார்கள், சைவசித்தாந்தம் பேசியிருக்கிறார்கள், ஈழத்துச் சிறுகதை பேசியிருக்கிறார்கள். நான் புல்லு வெட்டும் மெஷினையும் மண் கொத்தும் மெஷினையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பை எழுதி அனுப்பியதும் அமைப்பாளர் தொலைபேசி எடுத்து, “ஐயா, இது விவசாயத் திணைக்களத்துக்கு எழுதின கடிதமோ?” என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, உங்களுக்குத்தான் என்றேன். தமிழர் வாழ்வோடு தொடர்புள்ள பொருளாக இருக்கவேண்டும் என்பதே இந்த அறக்கட்டளையின் நிறுவுநர் விதித்த ஒரே நிபந்தனை. வன்னியில் ஒரு தலைமுறை லான்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் ஏறித்தான் ஆஸ்பத்திரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வந்தது. இதைவிட என்ன தொடர்பு வேண்டும்?

பழைய பொறிகளைத் தேடித் திரிகிறவனை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். ஏடு சேர்த்தால் அறிஞர், நாணயம் சேர்த்தால் ஆய்வாளர், கறள் பிடித்த மெஷின் சேர்த்தால் விசரன். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள சவுத்போர்ட்டில் பிரையன் ராடம் என்பவர் புல்வெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்தார். தோட்டக் கருவி விற்றும் திருத்தியும் வந்த குடும்பத்தில் பிறந்தவர். பிறர் கழித்துவிட்ட இயந்திரங்களைத் துடைத்து அடுக்கத் தொடங்கி, அது நூற்றுக்கணக்கில் வளர்ந்துவிட்டது. பிரபலமானவர்களின் வீட்டுப் புல்வெட்டிகளையும் கேட்டு வாங்கி வைத்தார். அந்த வரிசையில் அல்பர்ட் பியர்பொயின்ற்றின் புல்வெட்டியும் உண்டு. பியர்பொயின்ற் பிரித்தானிய அரசின் தூக்கிலிடும் ஊழியராக இருந்தவர். சிரிப்பதா, நடுங்குவதா என்று பார்வையாளர்கள் குழம்புவார்களாம். எனக்கு அதில் சிரிப்பில்லை. ஒரு மனிதனின் கை தினமும் பிடித்த பொருள் அவனைப் பற்றி வைத்திருக்கும் செய்தி, அவனுடைய வாழ்க்கை வரலாற்று நூலில் பலவேளை இருப்பதில்லை.

புல்வெட்டி பணக்கார நாட்டு விளையாட்டுச் சாமான், அதற்கும் எங்களுக்கும் என்ன என்று கேட்பவர்களைப் பொரளைப் பக்கம் கூட்டிப்போகிறேன். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அங்கே இருக்கிறது. பி. சரவணமுத்து பெயரைத் தாங்கிய அந்த மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. 1948இல் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிரட்மன் இங்கிலாந்து போகும் வழியில் அங்கே ஆடியபோது ஆடுகளம் 22 யாருக்கு இரண்டு யார் குறைவாகப் போடப்பட்டிருந்தது என்று ஒரு கதை இன்றும் ஓடுகிறது. அளவு நாடாவில் பிழை வந்திருக்கலாம்; புல்லில் பிழை வந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இப்படியொரு தரைக்கு இரண்டே வழிகள்தான். ஒன்று ஆடுகளை மேயவிடுவது. மற்றது நீண்ட பிடி போட்ட அரிவாளோடு, பனி காயுமுன் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக இறக்குவது. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்திலேயே நீண்ட காலம் ஆடுகள்தான் அந்த வேலையைச் செய்தன. கிரிக்கெட்டும் டென்னிஸும் இன்று நாம் அறிந்த வடிவத்துக்கு வந்ததில் ஓர் உருளைக் கத்திக்கு உள்ள பங்கை விளையாட்டு எழுத்தாளர்கள் போதிய அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

அந்த உருளைக் கத்தி பிறந்தது துணி ஆலையில். நூற்பு நெசவு ஆலை நெடுங்காலம் இயங்கிய ஊர் வெள்ளவத்தை. வெள்ளவத்தைக்காரருக்கு ஆலையை நான் விளக்கத் தேவையில்லை. கிளொஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் பள்ளத்தாக்கில் கம்பளித் துணி நெய்வார்கள். நெய்த துணியின் மேல் பஞ்சு பஞ்சாக நூல் எழுந்து நிற்கும். அதைச் சமமாகக் கத்தரிக்க, சுருள் வடிவில் கத்திகள் சுற்றப்பட்ட ஓர் உருளை துணியின் மேல் ஓடும். எட்வின் படிங் என்ற பொறிவல்லார் அந்த உருளையைப் பார்த்துவிட்டு, துணிக்கு மேல் ஓடுவது புல்லுக்கு மேல் ஓடினால் என்ன என்று யோசித்தார். 1830இல் காப்புரிமை பெற்றார். 19 அங்குல அகலம், இரும்பு, பின்னால் நின்று தள்ளவேண்டும். முன்னால் ஒரு கைபிடியும் உண்டு, இழுக்க இன்னோர் ஆள் வேண்டியிருந்தபடியால். அயலவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று இரவில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, புதுப்பொறி செய்தவனின் பயம் அதில் சரியாகவே இருக்கிறது. மறுவருடமே லண்டன் ரீஜன்ற் பார்க் மிருகக்காட்சிச் சாலையின் தோட்டத்தில் அந்தப் பொறி ஓடியது.

படிங்கை உலகுக்கு அறிமுகம் செய்தவர் ஜோன் கிளோடியஸ் லௌடன். தோட்டக்கலைக்கு ஓர் இதழ் நடத்தியவர். 1825இல் வலது கையை வெட்டி எடுக்க நேர்ந்தபின்னும் எழுத்தை விடவில்லை. 1822இல் வந்த அவருடைய தோட்டக்கலைக் கலைக்களஞ்சியத்தில் செடிகளுக்கு இணையாக மண்வெட்டிக்கும் தள்ளுவண்டிக்கும் நீர் இறைக்கும் பம்புக்கும் படம் போட்டு விளக்கம் எழுதியிருந்தார். அவருக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னே ஜோன் எவ்லின், தோட்டக்காரனுக்குத் தேவையான கருவிகளை ஒரே தாளில் வரிசையாக வரைந்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் படி முடிக்கப்படவே இல்லை. இந்த நூற்றாண்டு பிறக்கும் வேளையில்தான் முழுமையாக அச்சேறியது. கருவியை எழுதுவது அறிஞனுக்குக் குறைவில்லை என்று நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இங்கேயும் இருந்தார்கள்; எழுதுவதற்குப் பொறிகளும் இருந்தன. சிகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டுத் தோட்டத்தில் நீரின் சொந்த அழுத்தத்தால் மட்டும் பீறிடும் ஊற்றுகள் உண்டு. மழைக்காலத்தில் இன்றும் வேலை செய்கின்றன. திருத்த ஆள் தேவைப்படாத தோட்டப்பொறி நான் அறிந்தவரை அது ஒன்றுதான். குளங்களின் பொறிநுட்பத்தை விளங்கிக்கொண்டு எழுதியவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர். குளத்து நீரை வெளியே விடும் துருசின் வாயில், நீரின் வேகத்தை அடக்கக் கட்டிய ‘பிசோகொட்டுவ’ என்ற சதுரக் கிணறு இன்றைய வால்வுக் கிணற்றின் முன்னோடி என்று அவர் கண்டு சொன்னார். 1909இல் வந்த அவருடைய ‘பண்டைய இலங்கை’ என்ற ஆங்கில நூலில் குளமும் உண்டு, ஆயுதமும் உண்டு, சிறுவர் விளையாட்டும் உண்டு. அதோடு நில்லாமல் கிராமத்துக் கதைகளை மூன்று தொகுதிகளாகத் திரட்டினார். அவர் அடிப்படையில் ஒரு சேகரிப்பாளர். உத்தியோகம் பொறியியலாக அமைந்தது.

இரண்டாமவர் நம்மவர். 1877இல் கொழும்பில், சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. கலைத் தத்துவத்துக்காக அவரை மேற்கோள் காட்டுகிறோம், நடராசர் பற்றிய கட்டுரைக்காகப் போற்றுகிறோம். அவர் முதலில் ஒரு நிலவியலாளர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கல்லைத் தேடிக் கண்டி நாட்டுக் கிராமங்களில் நடந்தவர் கைவினைஞரைக் கண்டார். இரும்பு உருக்குபவரின் உலை, துருத்தி, கொல்லனின் சம்மட்டி, தச்சனின் உளி எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெருநூலாயின. 425 படிகள்தான் அச்சாயின. அச்சிட்டது இங்கிலாந்தில் புரோட் கெம்ப்டன் என்ற சிற்றூரில், அவருடைய சொந்த வீட்டில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில்.

நான் தேசப்படத்தை விரித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. புரோட் கெம்ப்டனும் கிளொஸ்டர்ஷயர் மாவட்டம். படிங் தன் புல்வெட்டியைச் செய்த திரப்பும் கிளொஸ்டர்ஷயர் மாவட்டம். கைக்கருவி அழிகிறதே என்று கொழும்புத் தமிழர் ஒருவர் உட்கார்ந்து அச்சுக்கோத்த அதே மாவட்டத்தில்தான், எண்பது வருடங்களுக்கு முன் அந்த அழிவின் ஒரு சிறு பற்சக்கரம் சுழலத் தொடங்கியது. குமாரசுவாமிக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருக்க மாட்டார். இயந்திரம் என்றாலே அவருக்கு ஒவ்வாது. அந்த ஒவ்வாமையால் அவர் ஒன்றைக் கவனிக்காமல் விட்டார் என்று எனக்குப் படுகிறது: இயந்திரமும் பழசாகும், அதற்கும் கொல்லன் உண்டு, அவனுடைய கைத்திறனும் எழுதுவார் இன்றி மறையும்.

இனி மண் கொத்தும் மெஷினுக்கு வருகிறேன். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், கில்கண்ட்ரா. 1912. தகப்பனின் பண்ணையில் ஆதர் கிளிபர்ட் ஹவர்ட் என்ற பத்தொன்பது வயதுப் பையன் நீராவி உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கலப்பை மண்ணைப் புரட்டுகிறது, ஆனால் அதை இழுக்கும் பாரமான சில்லுகள் அதே மண்ணை அழுத்தி இறுக்குகின்றன. இழுப்பதற்குப் பதிலாகச் சுழற்றினால் என்ன? இயந்திரத்திலிருந்து சுழற்சியை எடுத்து ஒரு தண்டில் கொத்துக் கத்திகளைப் பூட்டினான். முதலில் மண் பக்கவாட்டில் பறந்தது. கத்தியை ஆங்கில ‘எல்’ எழுத்துப் போல வளைத்தபின் மண் தன் இடத்திலேயே பொடியாகி விழுந்தது. காப்புரிமை கிடைத்தது 1920இல். 1938இல் இங்கிலாந்துக்குப் போய் எசெக்ஸில் தொழிற்சாலை தொடங்கினார்.

இதில் உள்ள சூட்சுமம் சின்னது, ஆனால் விளைவு பெரிது. கலப்பையை இழுக்கப் பாரம் வேண்டும். பாரம் இல்லாவிட்டால் சில்லு வழுக்கும். சுழலும் கொத்தோ மண்ணைக் கடிக்கும்போது தன் இயந்திரத்தையும் முன்னே தள்ளுகிறது. ஆகவே இயந்திரம் இலேசாக இருக்கலாம், இரண்டு சில்லில் நிற்கலாம், பின்னால் ஒரு மனிதன் நடக்கலாம். பெரிய பண்ணைக்கென்று பிறந்த யோசனை தோட்டத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். ஹவர்ட் பிறந்த அதே 1893இல் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கலங்கலில் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பஸ் கம்பனியும் சவர அலகும் மட்டுமன்றிப் பருத்திச்செடி, பப்பாளி எல்லாம் அவருடைய ஆய்வில் இருந்தன. அவரைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கடந்துபோகிறேன். நாம் எழுதாமல் விட்ட ஒருவர் இந்த நகரத்திலேயே இருந்தார்.

ரே விஜேவர்தன. 1924இல் பிறந்தார். கல்கிசை பரி தோமாவில் படித்து, கேம்பிரிட்ஜ் பீற்றர்ஹவுஸ் கல்லூரியில் பொறியியல் கற்றார். ஆகாயவிமானம், இயந்திரம், விவசாயம் என்று அவருக்குப் பொறியியலில் பல முகம். தானே சிறு விமானங்கள் கட்டித் தானே ஓட்டினார். பாய்மரப் படகோட்டத்தில் 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் கலந்துகொண்டார். 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். பெரிய குடும்பம், பத்திரிகை முதலாளிகளும் அரசியல்வாதிகளும் நிறைந்த குடும்பம். அப்படிப்பட்டவர் தன்னை விவசாயி என்று அறிமுகப்படுத்தினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிலாபத்துக்கு அருகே கக்கப்பள்ளியவில் அவருடைய தென்னந்தோட்டம் இருந்தது. யோசனையைச் சொல்லிவிட்டு மற்றவன் நிலத்தில் செய்துபார்க்கச் சொல்கிற ரகம் அல்லர். முதலில் சொந்த மண்ணில் பார்ப்பார்.

1950களில் அவர் வெப்பநாட்டுச் சிறு விவசாயிக்கென்று ஓர் இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்த, தோட்டக் கொத்துப்பொறிகள் செய்யும் லான்ட்மாஸ்டர் கம்பனி அதை உற்பத்தி செய்தது. அது பல நாடுகளுக்குப் போனது. இலங்கையில் கம்பனியின் பெயரே பொறியின் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் யப்பானிய கூபோட்டா வந்தது, சீனத்து மெஷின்கள் வந்தன. வன்னிக்கு எல்லாமே லான்ட்மாஸ்டர்தான். அதை ஓட்டியவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிக் கிளச். வலப்பக்கம் திரும்ப வலக்கைக் கிளச்சைப் பிடிக்கவேண்டும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது அதே கிளச்சைப் பிடித்தால் மெஷின் இடப்பக்கம் போகும், ஏனென்றால் இறக்கத்தில் இயந்திரம்தான் சில்லைத் தடுத்துப் பிடித்திருக்கிறது. பிடி விட்ட சில்லு முந்திக்கொள்ளும். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்பிக்காத பௌதிகம். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பெட்டியோடு வாய்க்காலுக்குள் போனவர்களே அதைப் பழகிக்கொண்டார்கள். வயலுக்கு இறங்கினால் ரயர் சில்லைக் கழற்றி இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டுவார்கள், சேற்றில் புதையாமல் மிதிக்க.

1960களில் விஜேவர்தன ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் தன் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், நீங்கள் விவசாயத்தை இயந்திரமயமாக்கினீர்களா, அல்லது எருமையை இயந்திரமயமாக்கினீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வியைப் போட்டார். அந்தக் கேள்வி தன்னை உலுக்கிவிட்டதாகப் பிறகு பல மேடைகளில் அவரே சொன்னார். எருமை புல்லைத் தின்று உழுகிறது, சாணம் போடுகிறது, பால் தருகிறது, கன்றும் போடுகிறது. மெஷின் டீசலைக் குடிக்கிறது, உதிரிப்பாகம் கேட்கிறது, குட்டி போடுவதில்லை. கடன் மட்டும் குட்டி போடும். இப்படிக் கேலியாகத் தொடங்கி அடிப்படைக்கே போனார்: உழவு எதற்கு?

அவருடைய வாதத்தை நான் விளங்கிக்கொண்ட மட்டில் சொல்கிறேன். குளிர்நாட்டில் பனிக்காலம் முடிந்ததும் மண்ணைத் திறந்து வெயில் காட்டிச் சூடாக்கவேண்டும். அதனால் உழுதார்கள். நமது நாட்டில் மண்ணுக்குச் சூடு தேவையில்லை, மூடித்தான் வைக்கவேண்டும். திறந்த மண்ணில் நம்முடைய மழை இறங்கினால் மேல்மண் வாய்க்காலோடு போய்விடும். நாம் உழுவது பெரும்பாலும் களைக்காகத்தான். களையை வேறு வழியில் அடக்க முடியுமானால் உழவு தேவையில்லை. 1970களில் நைஜீரியாவின் இபடானில் உள்ள அனைத்துலக வெப்பவலய விவசாய நிலையத்துக்குப் போய் இதைச் செய்துபார்த்தார். அதே நிலையத்தில் அந்தக் காலத்தில் உழாத நிலத்தின் மண்ணை ஆராய்ந்தவர் ரத்தன் லால். 2020இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இபடானில் விஜேவர்தன செய்த பொறி என் கண்ணில் லான்ட்மாஸ்டரைவிட அழகானது. ஒரு சக்கரம், அதைச் சுற்றிப் பறவை அலகு போன்ற கூர்முனைகள். பின்னால் நின்று கைபிடியால் தள்ளிக்கொண்டு நடந்தால், ஒவ்வோர் அலகும் முறையே மண்ணை மூடிய தழை மூடாக்கைத் துளைத்து மண்ணுக்குள் இறங்கும், திறக்கும், மேலே பெட்டியிலிருந்து வந்த விதையை விட்டுவிட்டு மேலெழும். அலகுக்கு அலகு இடைவெளி மாறாது. டீசல் கிடையாது, கிளச் கிடையாது, முதுகு வளைக்கவும் தேவையில்லை. பெரிய இயந்திரம் செய்து பெயர் வாங்கிய பொறியியலாளர் அதன் பிறகு ஒரு கைத்தள்ளுப் பொறிக்கு இறங்கி வந்தாரே, இந்தத் துறையின் வரலாற்றில் அதற்கு நிகராக நான் வேறொன்றைப் படித்ததில்லை.

நாடு திரும்பிய பின் அவர் வாயில் சதா சீமைக்கிளுவைதான். நம்முடைய வேலிகளில் நிற்கிற அதே மரம். வரிசையாக நட்டு, அடிக்கடி வெட்டி, தழையைத் தென்னைக்கும் பயிருக்கும் பசளையாகப் போடுவது. தடியை எரித்து மின்சாரம் எடுப்பது. 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசு அதை அறிவித்ததில் அவருடைய பிடிவாதத்துக்குப் பங்கு உண்டு. 2010 ஆகஸ்ட் 18இல், 86 வயது நிறைய இரண்டு நாள் இருக்கையில் காலமானார்.

அவருடைய வாதம் முழுவதையும் நான் ஏற்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். உழாமல் விதைப்பதற்குக் களைநாசினி தேவைப்பட்டது. கையால் பிடித்துச் சிறு துளிகளாகத் தெளிக்கும் தெளிப்பான்களை அவர் அதற்காகவே பரப்பினார். டீசலில் மிச்சம் பிடித்ததை இரசாயனக் கடையில் கொடுத்தால் விவசாயிக்கு என்ன இலாபம்? களைநாசினி பற்றிய பயம் நாட்டில் எவ்வளவு தூரம் போனது என்றால் 2015இல் கிளைபொசேட் என்ற களைநாசினிக்கே தடை வந்தது. தழை மூடாக்கு ஒரு பதில்தான், ஆனால் அதற்கு ஆள்வலு வேண்டும். அடுத்து, நெல். வயலைச் சேறாக்குவது களைக்காக மட்டும் இல்லை. சேறு அடியில் படிந்து நீரைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கிறது. கக்கப்பள்ளியத் தென்னந்தோட்டத்தில் சரியாக வருவதெல்லாம் இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள வயலில் சரியாக வராது.

எண்ணெய் விஷயத்தில் மாத்திரம் அவர் சொன்னது வரிக்கு வரி பலித்தது. 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. பம்பு நின்ற தோட்டங்களில் துலா மறுபடி ஏறியது. 2022இல் கொழும்பிலிருந்து கிளிநொச்சி வரை முழு நாடும் கியூவில் நின்றது, வயலுக்கு டீசல் இல்லாமல். எருமை கியூவில் நிற்பதில்லை என்று அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஆனால் தன் இயந்திரத்தைப் பற்றி அவர் அளவுக்கு மிஞ்சிக் கடுமையாக இருந்தார் என்பது என் துணிபு. அவர் அதை உழவுக் கருவியாக மட்டுமே எடைபோட்டார். வன்னி அதை அப்படி வைத்திருக்கவில்லை. அது உழுதது, சூடு மிதித்தது, நீர் இறைத்தது, நெல்லை ஆலைக்குக் கொண்டுபோனது, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போனது, பிரேதம் ஏற்றியது. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை வரை சனம் இடம்பெயர்ந்தபோது கட்டிலும் கதவும் கூரைத் தகரமும் கிழவிகளும் அந்தப் பெட்டியில்தான் போனார்கள். கடைசியில் கரையோர மணலில் நூற்றுக்கணக்கில் விடப்பட்டுக் கிடந்த வாகனங்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எருமையால் அந்தப் பயணத்தைச் செய்திருக்க முடியாது. ஹார்வர்ட்டில் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கேட்டவருக்கு வன்னி வீதி தெரியாது.

இந்த வரலாற்றுக்குச் சான்று எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். விஜேவர்தனவின் பெயரால் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது, அவருடைய எழுத்தும் பேச்சும் பேணப்படுகின்றன. மறுபக்கம், அதாவது வாங்கியவன், ஓட்டியவன், திருத்தியவன் பக்கம்தான் வெறுமை. அந்தப் பக்கம் பஞ்சிகாவத்தையில் கிடக்கிறது, பழைய சோனகத் தெரு இரும்புக்கடைகளில் கிடக்கிறது, பழைய இரும்பு விலைக்குக் கிலோக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது. கொட்டாஞ்சேனையில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் முதியவர் ஒருவர், பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர், 1960களின் உதிரிப்பாக விவரக்கொத்துகளைத் துணி அட்டை போட்டு வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சான ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் தமிழில் பென்சில் குறிப்பு: எது தேயும், எதற்குப் பதில் எதைப் பூட்டலாம், எந்தக் கடையில் கடைந்து தருவார்கள் என்று. கம்பனி எழுதிய நூலுக்கு ஒரு மெக்கானிக் எழுதிய உரை அது. பரிமேலழகருக்கு அடுத்து யாரை வைப்பது என்று இந்த மேடையில் பலமுறை விவாதித்திருக்கிறோம். இவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை, ஆனால் அந்தக் கொத்து ஓர் ஏட்டுச் சுவடிக்குக் குறைந்தது என்று ஒருவரும் என்னிடம் சொல்ல வரக்கூடாது.

தேயிலைத் தோட்டத்துப் பொறிகளுக்குக் கண்டி ஹந்தானையில் ஒரு காட்சியகம் உண்டு. 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையைத் திருத்தி, பல தோட்டங்களிலிருந்து வந்த உருட்டும் பொறிகளையும் இயந்திரங்களையும் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. அதே மதிப்பு துலாவுக்கும், பட்டைக்கும், மண்ணெண்ணெய்ப் பம்புக்கும், லான்ட்மாஸ்டருக்கும் கிடைக்கவேண்டும். கட்டடம் வேண்டும், காணி வேண்டும், அமைச்சர் வந்து நாடா வெட்டவேண்டும் என்றால் இது இன்னும் ஐம்பது வருடம் எடுக்கும். அதுவரை கறள் காத்திருக்காது. ஆகவே பொருளுக்கு முன் தகவலைச் சேர்க்கலாம். நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தும் வேலையை நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவருகிறது. இரசீது, உதிரிப்பாகக் கொத்து, கூட்டுறவுச் சங்கக் கடன் துண்டு, மெஷினோடு எடுத்த குடும்பப் படம் ஆகியனவும் ஆவணங்கள்தான்.

ஆகவே அவையோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கோடியிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கொட்டிலிலோ ஒரு பழைய பம்போ, புல்வெட்டியோ, உழவு மெஷினோ கிடக்கும். பழைய இரும்புக்காரர் வரும்போது கொடுங்கள், நான் தடுக்கவில்லை. எல்லோரும் சவுத்போர்ட்காரராக முடியாது. கொடுப்பதற்கு முன் அதில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுங்கள். யார் வாங்கினார், எந்த ஆண்டு, என்ன விலை, யாரிடம் திருத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்குத்தான் அது ஞாபகம் என்றால் இன்றிரவே அவரை அழைத்துக் கேளுங்கள். அந்தத் தாளை இந்த மண்டபத்து அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்வேன். தகட்டில் உள்ள இலக்கத்தை மட்டும் பிழை விடாமல் எழுதுங்கள்.